கருவிலேயே வந்த நீர்க்கட்டி

ஸ்கேன் சென்டரில் கவரை வாங்கிக்கொண்டு வெளியே வரும் பெண், படி இறங்குவதற்குள் அதைப் பிரித்துவிடுகிறார். கர்ப்பப்பை சரி, சினைப்பைகள் இரண்டும் சரி. கடைசி வரியில் மட்டும், வலது சினைப்பையை ஒட்டி, அதிலிருந்து தனித்து, 4 சென்டிமீட்டரில் ஒரு நீர்க்கட்டி என்று இருக்கிறது. உடனே வீட்டுக்குப் போன் போகிறது. "அக்கா, எனக்கும் நீர்க்கட்டியாம்." மறுமுனையில் அக்கா, "எனக்கும் இருந்துச்சேடி. மொதல்ல வெயிட்டக் குறை. இல்லேன்னா குழந்தை நிக்காது" என்கிறார்.

அக்கா அன்பாகத்தான் சொல்கிறார். அவருக்கு இருந்தது பிசிஓடி. பேச்சு வழக்கில் ‘நீர்க்கட்டி’ என்றாலே இன்று பிசிஓடிதான் என்று ஆகிவிட்டது. அந்தச் சொல் இப்போது ஐந்தாறு சங்கதிகளை ஒன்றாகச் சுமந்து திரிகிறது. பிசிஓடியில் ஸ்கேன் காட்டும் சிறு வட்டங்களைக் கட்டி என்று சொல்வதே தவறு. அவை முழு வளர்ச்சிக்கு வராமல் பாதியில் நின்ற முட்டைப்பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் இருக்கும். ஹார்மோன்களின் ஒழுங்கு குலைந்ததற்கு அவை அடையாளம்.

தங்கையின் ரிப்போர்ட்டில் உள்ளது சினைப்பையிலேயே இல்லை. அவர் தன் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோதே மறைந்திருக்க வேண்டிய ஒரு குழாயின் துணுக்கு எங்கோ ஒட்டிக்கொண்டு நின்று, பல வருடம் கழித்து நீர் கோத்துக்கொண்டதாக இருக்கலாம். எடை குறைத்தால் அது கரையாது. குழந்தை நிற்பதையும் அது பொதுவாகத் தடுப்பதில்லை. இந்தத் துணுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயத்தை, உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஜோடிக் குழாய்கள்

ஆறு வாரக் கருவின் உறுப்புகளைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாது. குரோமோசோமில் விஷயம் எழுதப்பட்டிருக்கும், உடம்பில் இன்னும் தெரிந்திருக்காது. ஆணாகப் போகிற கருவிலும் பெண்ணாகப் போகிற கருவிலும் ஒரேபோல இரண்டு ஜோடிக் குழாய்கள் அருகருகே ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் தோன்றுவது உல்ஃப் குழாய். கோழிக் கருவை ஆராய்ந்து 1759-இல் ஆய்வேடு எழுதிய ஜெர்மானியர் காஸ்பர் பிரீட்ரிக் உல்ஃபின் பெயர் அதற்கு. கருவில் சில வாரங்கள் மட்டும் வேலை செய்கிற ஒரு தற்காலிகச் சிறுநீரகம் உண்டு. அதன் வடிகால்தான் இது. இந்தக் குழாயின் அடிப்பகுதியிலிருந்து ஐந்தாவது வார வாக்கில் ஒரு மொட்டு கிளம்புகிறது. நாம் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளும் நிரந்தரச் சிறுநீரகம் உருவாவதற்கு அந்த மொட்டுதான் காரணம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். இரண்டாவது ஜோடி முல்லர் குழாய். 1830-இல் அதை விவரித்தவர் யோஹானஸ் முல்லர்.

ஆண் கருவில் விரை உருவானதும் இரண்டு சுரப்புகள் புறப்படுகின்றன. ஒன்று உல்ஃப் குழாயைத் தாங்கிப் பிடித்து விந்துக்குழாயாகவும் விந்துப்பையாகவும் வளர்க்கிறது. மற்றொன்று முல்லர் குழாயைக் கரைத்துவிடுகிறது. பெண் கருவில் இந்த இரண்டுமே இல்லாததால் முல்லர் குழாய்கள் தடையின்றி வளர்கின்றன. மேல்பகுதிகள் இரு கருக்குழாய்களாகத் தனித்து நிற்க, கீழ்ப்பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து கர்ப்பப்பையும் யோனியின் மேற்பகுதியும் ஆகின்றன. தாங்கிப் பிடிக்க ஆளில்லாத உல்ஃப் குழாய் மறைந்துவிடுகிறது.

இதைக் கண்டறிந்தவர் பாரிஸில் ஆய்வு செய்த ஆல்பிரட் ஜோஸ்ட். 1947-இல் அவர் வெளியிட்ட சோதனைகளில், தாயின் வயிற்றுக்குள் இருக்கும் முயல் கருவிலிருந்து விரையை அறுவை செய்து எடுத்தார். விரை இழந்த ஆண் கருவில் பெண் உறுப்புகள் வளர்ந்தன. பிறகு ஆண் ஹார்மோனை மட்டும் திரும்ப வைத்துப் பார்த்தார். உல்ஃப் குழாய் பிழைத்தது, முல்லர் குழாயும் போகவில்லை. அப்படியென்றால் முல்லர் குழாயைக் கரைக்க வேறொரு பொருள் இருந்தாக வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அந்தப் பொருளின் பெயர் இன்று குழந்தையின்மைக்கு சிகிச்சை பெறும் பெண்களுக்கு மிகப் பழக்கம். முட்டை இருப்பை அறிய எடுக்கிற ஏஎம்ஹெச் டெஸ்ட் அளப்பது அதைத்தான். ‘முல்லருக்கு எதிரான ஹார்மோன்’ என்பதே அந்த மூன்று எழுத்துகளின் பொருள். ஆண் கருவில் கர்ப்பப்பையை இல்லாமல் ஆக்குகிற அதே ஹார்மோனை, வளர்ந்த பெண்ணின் முட்டைப்பைகளும் சுரக்கின்றன.

மாடு வளர்ப்பவர்கள் இதை வேறு விதமாக அறிவார்கள். காளைக் கன்றும் கிடேரிக் கன்றும் இரட்டையாகப் பிறந்தால், அந்தக் கிடேரி வளர்ந்த பிறகு பெரும்பாலும் சினை பிடிக்காது. இரண்டு கன்றுகளின் நச்சுக்கொடி ரத்தக்குழாய்களும் இணைந்துவிட, காளையின் ஏஎம்ஹெச் கிடேரிக்குள் போய் அதன் முல்லர் குழாய்களைக் கரைத்துவிடுவதே காரணம்.

பெண் கருவில் உல்ஃப் குழாய் தாங்குவாரின்றித் தானாகவே மங்கிப்போகிறது என்றுதான் ஜோஸ்ட்டுக்குப் பிறகு எழுபது வருடம் நம்பினார்கள். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருக்களில் ஒரு புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். அது இல்லாத பெண் கருவில் உல்ஃப் குழாய் மறையாமல் நின்றது, அதுவும் ஆண் ஹார்மோன் எதுவும் இல்லாமலே. ஆக, பெண் உடம்பு அந்தக் குழாயை முனைந்து அப்புறப்படுத்துகிறது. அந்த வேலையில் ஒன்றிரண்டு துணுக்குகள் தப்பிவிடுவதில் வியப்பில்லை.

துணுக்குகள் தங்கும் இடங்கள்

சினைப்பைக்கும் கருக்குழாய்க்கும் நடுவே மெல்லிய திரை போன்ற ஒரு மடிப்பு இருக்கிறது. உல்ஃப் குழாயின் மேல்பகுதி மிச்சம் அதற்குள் சீப்பின் பற்களைப் போல வரிசையாகக் கிடக்கும். கீழ்ப்பகுதி மிச்சம் கர்ப்பப்பையின் பக்கவாட்டில் இறங்கி, கருப்பைவாய் வழியாக யோனிச் சுவர் வரை போகும். டென்மார்க் மருத்துவர் ஹெர்மன் கார்ட்னர் 1822-இல் பசுவிலும் பன்றியிலும் இந்தத் தடத்தைக் கண்டு எழுதினார். அதனால் யோனிச் சுவரில் வருவதைக் கார்ட்னர் கட்டி என்கிறோம்.

முல்லர் குழாயும் முழுதாகப் பயன்பட்டுவிடுவதில்லை. அதன் நுனி, கருக்குழாயின் விரல் போன்ற முனையில் ஒரு சிறு நீர்த்துளியைப் போலத் தொங்குவதுண்டு. இத்தாலியின் படுவா நகரில் வாழ்ந்த மார்கான்யியின் பெயர் அதற்கு. சிசேரியன் செய்யும்போது மருத்துவர்கள் இதை அடிக்கடி பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கோ தனக்குள் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது.

ஆண்களுக்கும் இந்த மிச்சம் உண்டு. கரைந்துபோன முல்லர் குழாயின் ஒரு துணுக்கு விரையின் தலையில் ஒட்டியிருக்கும். பள்ளிப் பருவப் பையன்களுக்கு அது முறுக்கிக்கொண்டு கடும் வலி தரும். ஆகவே பெண்ணைப் பார்த்து "உன் உடம்பில் ஏதோ கோளாறு" என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. யார் உடம்பும் கருவில் கட்டிய சாரத்தை முழுதாகப் பிரித்துக்கொண்டு பிறப்பதில்லை.

சினைப்பைக்குப் பக்கத்தில்

இனி தங்கையின் கட்டிக்கு வருவோம். சினைப்பையின் பக்கத்தில், கருக்குழாயின் ஓரத்தில் வருகிற இந்த வகை, 30, 40 வயதுகளில்தான் அதிகம் கண்ணில் படும். வளரிளம் பெண்களுக்கும் வருவதுண்டு. எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் பழைய உல்ஃப் குழாயிலிருந்து வந்தவை சிலவே. முல்லர் மிச்சத்திலிருந்தும் வயிற்றின் உள்ளுறையிலிருந்தும் வந்தவையே அதிகம். எங்கிருந்து வந்தாலும் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது இடம். சினைப்பைக்கு உள்ளேயா, வெளியேயா? சிறுநீரை அடக்கிக்கொண்டு வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் இது சில சமயம் பிடிபடாது. உள்வழி ஸ்கேனில் கருவியால் மெல்ல அழுத்தினால் சினைப்பை ஒரு பக்கமும் கட்டி ஒரு பக்கமும் விலகுவது திரையில் தெரியும். மணமாகாத பெண்களுக்கு உள்வழி ஸ்கேன் எடுப்பதில்லை என்பதால், ஐயம் இருந்தால் எம்ஆர்ஐ கேட்பார்கள்.

அடுத்து, கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர் மட்டும் என்றால் நிம்மதியாக இருக்கலாம். உள்சுவரில் சதை முளைத்ததுபோல் இருந்தாலோ, தடித்த தடுப்புகள் இருந்தாலோ கட்டாயம் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இந்தக் கட்டிகளில் புற்றுநோய் மிக அரிது என்றாலும், அந்த அரிதானது தன்னைக் காட்டிக்கொள்வது இப்படித்தான். புற்றுநோய் ஐயத்துக்காக ரத்தத்தில் சிஏ 125 அளவு பார்த்து, அது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கலங்க வேண்டாம். மாதவிடாய் நாட்களிலும் எண்டோமெட்ரியோசிஸிலும் நார்க்கட்டியிலும்கூட அது ஏறும்.

அளவு கடைசியில்தான் வருகிறது. மாதவிடாய் நிற்காத பெண்களின் சினைப்பையில் உள்ள எளிய நீர்க்கட்டிகளுக்கு பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தொடர்ந்து ஸ்கேன்கூடத் தேவையில்லை. 5 முதல் 7 வரை வருடத்துக்கு ஒரு ஸ்கேன். அதற்கு மேல் எம்ஆர்ஐ அல்லது அறுவை பற்றி யோசிக்க வேண்டும். இதை ஒட்டியே பக்கத்துக் கட்டிகளையும் பல மருத்துவர்கள் அணுகுகிறார்கள்.

நம் ஊரில் வீணாகும் பணமும் மனமும் ஒரு விஷயத்தில்தான் அதிகம். சினைப்பையில் மாதச் சுழற்சியால் வரும் சாதாரண நீர்க்கட்டி இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானாகவே மறைந்துவிடும். பக்கத்துக் கட்டிக்கு மாதச் சுழற்சியோடு சம்பந்தமே இல்லை, ஆகவே அது மறையாது. மூன்று மாதம் ஹார்மோன் மாத்திரை, பிறகு ஸ்கேன், "இன்னும் கரையலையே" என்று வேறு டாக்டர், அங்கே வேறு மாத்திரை, நடுவில் யாரோ சொன்ன கழற்சிக்காய்ச் சூரணம். இதைக் கரைக்க மாத்திரையும் கிடையாது, சூரணமும் கிடையாது. தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம், தொந்தரவு என்றால் எடுக்கலாம். இடையில் வேறு வழி இல்லை என்பதை அந்தப் பெண்ணிடம் முதல் நாளே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எத்தனை மாதக் கவலை மிச்சமாகியிருக்கும்!

முறுக்கிக்கொண்டால்

பயத்தை மிச்சம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். இந்தக் கட்டி ஒரு காம்பில் தொங்குவதுபோல் இருப்பதால், ஏதோ ஒரு அசைவில் கருக்குழாயையும் சில சமயம் சினைப்பையையும் சேர்த்து முறுக்கிக்கொள்ளும். ரப்பர் குழாயை முறுக்கினால் தண்ணீர் நின்றுவிடுவதுபோல ரத்த ஓட்டம் நின்றுபோகும். வலது பக்கத்தில் இது கூடுதல். இடது பக்கத்தில் பெருங்குடல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே முறுக்குவதற்கு இடம் குறைவு.

அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரென்று பிடுங்கும் வலி, கூடவே குமட்டல், வாந்தி. வலி கொஞ்சம் விட்டுவிட்டுத் திரும்பவும் வரலாம். வீட்டில் இதற்கு ‘சூட்டு வலி’ என்று மோரும் வெந்தயமும், ‘வாயு’ என்று ஓமத் தண்ணீரும் கொடுப்பார்கள். வலி விட்ட இடைவெளியில் பிள்ளை தூங்கினால், சரியாகிவிட்டது என்று விளக்கை அணைத்துவிடுவார்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், ஏற்கெனவே நீர்க்கட்டி இருக்கிறது என்ற பழைய ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப்போக வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டை வலியுறுத்தக் காரணம் உண்டு. கருக்குழாய் மட்டும் முறுக்கியிருந்தால், டாப்ளர் ஸ்கேனில் சினைப்பைக்கு ரத்தம் ஒழுங்காகப் போவதாகவே தெரியும். "ஸ்கேன் நார்மல்" என்று அனுப்பிவிடும் அபாயம் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது என்று தெரிந்தால் மருத்துவர் வேறு விதமாக யோசிப்பார்.

லேப்ராஸ்கோப்பியில் முறுக்கைப் பிரித்து, கட்டியை மட்டும் உரித்து எடுத்துவிடலாம். முன்பெல்லாம் சினைப்பை கறுத்துப்போயிருந்தால் அதையும் வெட்டி எடுத்துவிடுவது வழக்கம். கறுத்துத் தெரிந்த சினைப்பைகள் பல, முறுக்கைப் பிரித்த பிறகு பிழைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டதால் இப்போது அதை வைத்துவிட்டு வரவே முயல்கிறார்கள். இளம்பெண்ணுக்கு அறுவை என்று கையெழுத்துக் கேட்கும்போது, "சினைப்பையையும் குழாயையும் காப்பாற்றப் பார்ப்பீர்களா டாக்டர்?" என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

உள்ளே தட்டுப்படும் கட்டி

யோனியின் மேற்பகுதியில், முன்பக்கப் பக்கவாட்டுச் சுவரில் வருவது கார்ட்னர் கட்டி. அந்தப் பழைய தடத்தின் மிச்சம் நான்கில் ஒரு பெண்ணுக்கு இருக்கக்கூடும். நீர் கோத்துக் கட்டியாவது சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான். பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும், தொந்தரவு தராது. பெரிதானால் தாம்பத்தியத்தின்போது வலி, கனமான உணர்வு, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வரலாம்.

குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டால் நடுத்தர வயதுப் பெண்கள் ‘கர்ப்பப்பை இறங்கிவிட்டது’ என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வருடக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கப்படும் உறுப்பில் வருகிற நோய்க்கு வயது கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வருத்தம். பார்த்தவுடன் இறக்கமா, கட்டியா என்று மருத்துவரால் சொல்லிவிட முடியும்.

நுழைவாயிலின் ஓரத்தில், கடிகாரத்தில் 4 மணி, 8 மணி காட்டும் இடங்களில் வருவது பார்த்தலின் கட்டி. அது கருவின் மிச்சம் இல்லை, வழுவழுப்பு தரும் சுரப்பியின் வாய் அடைத்து வீங்கியது. சீழ் பிடித்தால் உட்காரவே முடியாது. 40 வயதுக்கு மேல் புதிதாக வந்தால் சதைப் பரிசோதனை தேவைப்படலாம். கருப்பைவாயில் முத்து முத்தாகத் தெரியும் நபோத் கட்டிகளும் இந்த வகையில்லை. பிரசவித்த பெண்களுக்கு அவை சாதாரணம், ஒன்றும் செய்ய வேண்டாம்.

கார்ட்னர் கட்டியை எடுப்பதற்கு முன் ஒரு முன்யோசனை வேண்டும். உல்ஃப் குழாயின் அடியிலிருந்து கிளம்பும் மொட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்தக் குழாயின் கதை பிசகிய இடத்தில் அதே பக்கத்துச் சிறுநீரகமும் பிசகியிருக்கலாம். சிறுநீரகம் இல்லாமலே இருக்கலாம், சிறியதாக இருக்கலாம், அதன் குழாய் சிறுநீர்ப்பைக்குப் போகாமல் இந்தக் கட்டிக்குள்ளேயே வந்து திறந்திருக்கலாம். அது தெரியாமல் கட்டியை அறுத்தால் சிறுநீர் இடைவிடாமல் கசியும் நிலை வரும். எனவே சிறுநீரகங்களையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்த பெண்

உல்ஃப் குழாய் முல்லர் குழாய்க்கு வழிகாட்டியும்கூட. அது போன தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் முல்லர் குழாய் கீழே இறங்குகிறது. ஒரு பக்கத்தில் வழிகாட்டி தவறினால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் இல்லாமல் போவதோடு, முல்லர் குழாய்கள் இணைவதும் கெட்டுவிடும்.

இப்படிப் பிறக்கும் சில பெண்களுக்குக் கர்ப்பப்பை இரண்டாக இருக்கும், அதில் ஒரு பக்கத்து வழி மூடியிருக்கும். திறந்த பக்கத்தில் மாதவிடாய் ஒழுங்காக வந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. மூடிய பக்கத்தில் மாதாமாதம் ரத்தம் தேங்கித் தேங்கி, ஒவ்வொரு மாதமும் வலி முன்னைவிட அதிகமாகும். "எல்லாப் பொண்ணுங்களுக்கும் வலிக்கத்தான் செய்யும்" என்று தாயும் பாட்டியும் சொல்லிவிட, பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். தேங்கிய ரத்தம் பின்னோக்கிப் போய் சினைப்பையையும் குழாயையும் கெடுக்கும் வரை விடக் கூடாது. நடுவில் உள்ள தடுப்பைத் திறந்துவிட்டால் பிரச்சினை தீரும்; குழந்தைப்பேறும் சாத்தியம்.

கர்ப்பகால ஸ்கேனிலோ பிறந்த பிறகோ ஒரு பெண் குழந்தைக்கு ஒற்றைச் சிறுநீரகம் என்று தெரிந்தால், அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து வையுங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அவள் பெரியவளாகும் சமயத்தில் மகப்பேறு மருத்துவரிடம் அதைக் காட்டி, இடுப்பு ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள்.

"இன்னும் உட்காரலையா?"

உறவுக்காரர்கள் இதைக் கேட்கத் தொடங்கும்போது தாய்க்கு முகம் வாடிவிடும். 15 வயது முடிந்தும் மாதவிடாய் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே, மாதத்துக்கு ஒருமுறை சில நாள் அடிவயிறு வலித்து, ரத்தம் மட்டும் வராமல் இருந்தால் 15 வயது வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டு வருகிற பெண்களும் உண்டு.

சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு முல்லர் குழாய்கள் வளராமல் போய், கர்ப்பப்பையே உருவாகியிருக்காது. சினைப்பை இருப்பதால் மார்பகம், உடல் வளர்ச்சி எல்லாம் சரியாக இருக்கும். மாதவிடாய் மட்டும் வராது. அவர்களுக்கும் சிறுநீரகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதைவிடப் பரவலாக, 1,000 முதல் 2,000 பெண்களில் ஒருவருக்கு, யோனியின் வாயில் உள்ள சவ்வு, கருவிலேயே விழ வேண்டிய துளை விழாமல் மூடியே இருக்கும். மாதவிடாய் தொடங்கி மாதங்களாகியும் ரத்தம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே தேங்கிக்கொண்டிருக்கும். மருத்துவர் பரிசோதித்துப் பார்த்தால் நீலம் பாரித்த சவ்வு புடைத்துக்கொண்டு தெரியும்.

இதற்கு ஊசி போட்டு உறிஞ்சுவது தவறு. கிருமி உள்ளே போக வழியாகும். மயக்கம் கொடுத்துச் சவ்வைத் திறந்துவிடுவது சிறிய அறுவைதான். தாய்மார்கள் அப்போது குரலைத் தாழ்த்திக் கேட்பது, "நாளைக்குக் கல்யாணம் ஆகும்போது சவ்வு இல்லேன்னு யாராவது கேட்டா?" என்பதைத்தான். சவ்வைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது என்பது மருத்துவத்தில் தீர்ந்துபோன விஷயம். சிகிச்சை செய்ததற்கான காகிதம் கையில் இருக்கும், அதைக்கூட யாருக்கும் காட்ட வேண்டிய கடமை அந்தப் பெண்ணுக்கு இல்லை. சவ்வு திறந்த அன்றே தேங்கிய கரிய ரத்தம் வடிந்து வயிறு இளகும். அடுத்த மாதத்திலிருந்து வகுப்பில் மற்ற பெண்களுக்கு வருவதுபோலவே அவளுக்கும் வரும்.